பேய்க்கூச்சல்

காரைக்கால் பாரதியார் வீதியில், அம்மையார் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் இசைத்தட்டை நான் முதன்முதலாக ஒலிக்கவிட்டபோது, கூடத்தில் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த என் அத்தை, தலையைத் திருப்பாமலேயே, "ஏன் தம்பி, வெளக்கு வெக்கிற நேரத்துல இது என்ன பேய்க்கூச்சல்? நிறுத்துப்பா" என்றார். நான் நிறுத்திவிட்டேன். ஆனால் அவர் உதிர்த்த அந்தச் சொல் என்னை விட்டு நீங்கவில்லை. இன்றளவும் அந்த இசையைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம், அதை நிந்தித்த அந்த ஒற்றைச் சொல்லே அதைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலாக என் கைக்கு வந்து சேருகிறது.

ஏனெனில் இந்த ஊரில் 'பேய்' என்பது சாமானியமான வசைச்சொல் அன்று. தனதத்த வணிகரின் மகளாய்ப் பிறந்து, நாகப்பட்டினத்துப் பரமதத்தனை மணந்து, மாங்கனியின் காரணமாகக் கணவனால் அஞ்சி விலகப்பட்ட புனிதவதி என்னும் காரைக்கால் அம்மையார், அழகிய உடலை உதறி எலும்புருவை வேண்டிப் பெற்றபின், தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறித்துக்கொண்டார். மற்ற நாயன்மார் நின்றிருக்கும் வரிசையில் அவர் ஒருவரே அமர்ந்திருக்கிறார். இறைவன் வாயால் அம்மை என்று அழைக்கப்பட்ட பெருமையும் அவருக்குண்டு. அத்தகையவர் தமக்குச் சூட்டிக்கொள்ளப் பூவுலகில் எத்தனையோ மங்கலப் பெயர்கள் இருக்க, சுடுகாட்டில் கூத்திடும் ஒரு பிராணியின் பெயரை விரும்பி எடுத்துக்கொண்டார் என்பதை நாம் பல்லாண்டு பழக்கத்தால் வியப்பின்றிக் கடந்துபோகிறோம். கடந்துபோகலாகாது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை. அழகற்றதென்று ஒதுக்கப்படும் குரலுக்குத் தமிழில் ஒரு மிகப் பழைய ஆசனம் இருக்கிறது. அந்த ஆசனத்தின் அருகே நின்று கேட்டால், என் அத்தையின் செவியைத் துன்புறுத்திய அந்த ஒலியும் வேறொன்றாகக் கேட்கிறது.

அந்த இசைத்தட்டு, 'ருத்ரா' என்னும் சிங்கப்பூர்க் குழுவினர் 2005இல் வெளியிட்ட 'பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ' என்பது. 1992இல் அந்நகரத்து இந்திய வம்சாவளி இளைஞர்கள் சிலர் கூடித் தொடங்கிய குழு அது. பாடகரும் அடிக்கிதார் வாசிப்பவருமான கதிர், தாளக்கருவி வாசிக்கும் சிவா ஆகிய இருவரும் அதன் தூண்கள். இடையில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடிய இக்குழுவின் முதல் தட்டு 1998இல் வந்தது. 2003இல் 'குருக்ஷேத்ரா' வந்தது. பின்னர் பிரம்மவித்யை என்ற பொதுத்தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தட்டுகள் ஒரு தொடராக வெளிவந்தன. தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று அவர்களே பெயரிட்டுக்கொண்டார்கள். உபநிஷதங்களின் ஆன்மவிசாரத்தை டெத் மெட்டல் என்னும் இசைவடிவத்தில் பாடுவது என்ற காரியம், சொல்லும்போதே விபரீதமாகத் தொனிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. சிங்கப்பூரின் இசை ஆராய்ச்சியாளர் யூஜீன் தைரியநாதன், வேதிக் மெட்டலையும் அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் இணைத்து 2009இல் ஓர் ஆய்வுரை எழுதியிருக்கிறார். அவர் நோக்கு சமூகவியல் சார்ந்தது. நான் எழுத விழைவதோ நாதத்தைப் பற்றி. ரஸிகன் என்ற தகுதியைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

இவ்விசையின் வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் உலோகத் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்தபோது விரல் நுனிகளை இழந்த டோனி ஐயோமி என்னும் கிதார் வாசிப்பாளர், வலி பொறுக்கும்படி மெல்லிய தந்திகளைப் பூட்டி, நாளடைவில் அவற்றின் சுருதியையும் தளர்த்தி வாசித்தார். அவரது 'பிளாக் சாபத்' குழுவின் முதல் தட்டு 1970இல் வந்தது. அங்கே பிறந்த கனத்த நாதம், எண்பதுகளில் அமெரிக்காவில் 'பொஸஸ்ட்', 'டெத்' முதலிய குழுக்களின் கையில் வேகமும் உக்கிரமும் மிகுந்து, 1987இல் ஸ்விட்சர்லாந்தின் 'செல்டிக் ஃபிராஸ்ட்' போன்றோரின் பரிசோதனைகளால் திசைகள் விரிந்து, எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்ற பொதுப்பெயரை அடைந்தது. பிரேஸில் நாட்டு 'ஸெபுல்டுரா' குழுவினர் 1996இல் ஷவான்டே பழங்குடியினரோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது இம்மரபில் ஒரு முக்கியமான திருப்பம். அதன்பின், தத்தம் மண்ணின் மரபை இவ்விசைக்குள் கொணரும் முயற்சி உலகெங்கும் பெருகிற்று. அவற்றுள் பெரும்பாலானவை, கறிவேப்பிலை தாளிப்பதுபோல், ஒரு வீணைத் துணுக்கையோ ஒரு குழல் ஓசையையோ மேலே தூவிவிட்டு மனநிறைவு அடைந்தன என்பது என் அபிப்பிராயம்.

ருத்ராவின் தட்டு அவ்வாறு நின்றுவிடவில்லை. அதன் பரிசோதனை மேற்பரப்பில் நிகழ்வதன்று. வேத உச்சாடனம் உதாத்தம், அநுதாத்தம், ஸ்வரிதம் என்ற மூன்று நிலைகளுக்குள், ஆதார ஸ்வரத்தை விட்டு அதிகம் அகலாமல், மேலும் கீழுமாக அசைந்துகொண்டே செல்வது. அதன் வலிமை ஸ்வரவிஸ்தாரத்தில் இல்லை, திரும்பத் திரும்ப வரும் சந்த அழுத்தத்தில் இருக்கிறது. மெட்டல் கிதாரின் அடிப்படை அலகாகிய 'ரிஃப்' என்பதும் அதே தன்மையது: ஆதார ஸ்வரத்தைச் சுற்றி இரண்டு மூன்று ஸ்வரங்கள், அவற்றை ஓர் ஆவர்த்தமாக மாறாமல் அறைந்துகொண்டே இருக்கும் கை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று எதேச்சையாகப் பொருந்துகின்றன என்பதைக் கண்டுகொண்டதே இக்குழுவினரின் பிரதிபை. ஸம்ஸ்கிருத மந்திர உச்சாடனம் எழும்போது கிதார் அதற்குப் பக்கவாத்தியமாக ஒடுங்குவதில்லை. கிதார் முழங்கும்போது மந்திரம் அலங்காரமாகச் சுருங்குவதும் இல்லை. ஒன்றின் எலும்புக்கூட்டின் மேல் மற்றொன்று தசையாக வளர்கிறது.

மின்கிதாரின் கரகரப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்பவர் முகம் சுளிப்பது முதலில் அங்கேதான். ஒலிபெருக்கும் சாதனத்தை அதன் சக்திக்கு மேல் ஏற்றும்போது, ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, தந்தியில் இயல்பாக மங்கலாய்க் கிடந்த மேல்ஸ்வரங்கள் எல்லாம் மொத்தமாகக் கிளர்ந்தெழுகின்றன. இவ்வாறு கிளர்ந்த நாதத்தில் காந்தாரத்தைச் சேர்த்து மீட்டினால் ஸ்வரங்கள் ஒன்றையொன்று மோதிக் கலங்கிவிடும். ஆகவே இவ்விசைக்காரர்கள் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். ஷட்ஜமும் பஞ்சமமும்! நம் கச்சேரி மேடையில் வித்துவானுக்குப் பின்னால் அமைதியாக ஒலிக்கும் தம்புராவின் தந்திகள் வேறு எதைச் சொல்கின்றன? அந்தத் தம்புராவும் தூய நாதத்தோடு திருப்தி கொள்வதில்லை. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலிழையைச் செருகி, ஜீவா என்று அதற்குப் பெயரிட்டு, வேண்டுமென்றே ஒரு ரீங்காரத்தை உண்டாக்குகிறோம். அந்த நூலிழையை எடுத்துவிட்டால் தம்புரா செத்துப்போகிறது என்கிறார்கள். தூய ஒலியில் ஒரு கலக்கத்தைப் புகுத்தினால்தான் உயிர் வரும் என்ற உண்மையை நம் முன்னோர் அறிந்து அதற்கு உயிர் என்றே பெயரிட்டனர். ஜீவாவின் ரீங்காரத்தை ஆயிரம் மடங்கு பெருக்கிக் கேட்பவனுக்கு மின்கிதார் அந்நியமாகத் தோன்றாது.

குரல் விஷயம் இன்னும் நுட்பமானது. கதிரின் குரல் பாடுவதில்லை; உறுமுகிறது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதாகக் கேட்பவருக்குத் தோன்றினாலும், இது சாதகத்தால் வரும் வித்தை: குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் சதைமடிப்புகளை, போலிக் குரல்நாண்கள் என்று வைத்தியர்கள் சொல்வார்கள், அதிரவைத்து எழுப்பும் ஓசை. திபெத்திய பௌத்த மடங்களில் துறவிகள் அடித்தொண்டையில் மந்திரம் ஜபிக்கும்போதும் இம்மடிப்புகளே தொழிற்படுகின்றன. இக்குரலில் ஸ்வரம் கரைந்துபோகிறது. ஆண் பெண் என்ற பேதம் மங்குகிறது. பாடுபவன் இன்னான் என்ற அடையாளமும் தேய்கிறது. 'நான்' என்பதை உரித்துப் பார்க்கச் சொல்லும் உபநிஷதப் பொருளுக்கு, தன் இனிமையால் தன்னையே பார்க்கச் சொல்லும் குரலைவிட, தன் முகத்தை அழித்துக்கொண்ட குரல் பொருத்தமாகிறது என்று நான் நினைக்கிறேன். ருத்ரன் என்ற நாமத்துக்கே அலறுபவன் என்று தாதுப்பொருள் கூறுவார் உண்டு. பெயரிலேயே கூச்சலைத் தாங்கிய தெய்வம் அது.

இரைச்சல் என்ற குற்றச்சாட்டுக்குக் காவிரிக் கழிமுகத்தில் வாழ்பவர்கள் மறுமொழி சொல்லத் தேவையே இல்லை. திறந்தவெளியில், நடுநிசியில், நான்கு வீதியும் அதிர நாகஸ்வரமும் தவிலும் முழங்கக் கேட்டு வளர்ந்த செவிகள் நம்முடையவை. வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு, இடக்கையில் கழி பிடித்து, தவில்காரர் இறுதித் தீர்மானத்துக்கு முன் மூன்றாம் காலத்தில் பொழியும் சொற்கட்டுகளைக் கேட்டவனுக்கு, சிவாவின் இரட்டைப் பாதமிதியும் இடைவிடாத அடியும் பிரமிப்பைத் தரலாம், பயத்தைத் தராது. சுருதியைத் தாழ்த்திக் கனம் கூட்டும் கலையும் இங்கே புதிதன்று: கீச்சென்று உயர்ந்து ஒலித்த திமிரி நாகஸ்வரத்தின் இடத்தில், நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாகஸ்வரத்தை நிலைநாட்டியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. பர்மிங்ஹாமுக்கும் திருவாவடுதுறைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை; ஆயினும் நாதம் கனக்க வேண்டும் என்ற தாகம் இரண்டு ஊர்களிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இனி அம்மையாரிடம் வருகிறேன். அவர் அருளிய நூல்கள் நான்கு: அற்புதத் திருவந்தாதி, திரு இரட்டைமணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. பதினோராம் திருமுறையில் இவை சேர்க்கப்பட்டிருக்கின்றன. மூத்த திருப்பதிகங்கள் என்று பெயர் வந்ததே, தேவார மூவருக்கும் முன்னதாகப் பண்ணோடு பாடப்பட்டவை என்பதால்தான். அவற்றின் களம் சுடுகாடு. வற்றிய உடலும் சிவந்த மயிருமாகப் பேய்மகளிர், ஊளையிடும் நரிகள், ஆந்தைகள், எரியும் ஈமத்தீ, பாதி வெந்த பிணம், முள்ளும் கள்ளியும் அடர்ந்த வறண்ட காடு. இவற்றின் நடுவே, இவற்றால் சிறிதும் கறைபடாமல், இறைவன் ஆடுகிறான். அந்தக் காட்சியை அம்மையார் ஓவியம்போல் தூரத்தில் நிறுத்திக் காட்டவில்லை, ஓசையாகக் காட்டுகிறார். ஒரு பாட்டில் ஏழிசையின் பெயர்களையும் ஆட்டத்துக்கு முழங்கும் வாத்தியங்களின் பெயர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்: கொக்கரை, தக்கை, துந்துபி, தமருகம், குடமுழா, மொந்தை என்று தோலும் துளையும் நரம்புமாக அத்தனையும் ஏககாலத்தில் எழுகின்றன. பிணம் வேகும் இடத்தில் துத்தமும் கைக்கிளையும் இலக்கணசுத்தமாக ஒலிப்பதாகப் பாடிய துணிச்சலுக்கு இணையான ஒன்றை நான் வேறு இலக்கியத்தில் கண்டதில்லை.

பண்ணைப் பற்றியும் ஒரு சொல். முதற்பதிகத்துக்கு நட்டபாடை, இரண்டாவதற்கு இந்தளம் என்று பண்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்தளத்தை இன்றைய ஓதுவார் மரபில் மாயாமாளவகௌளையோடு ஒப்பிடுவர். ஸரளிவரிசை தொடங்கும் ஒவ்வொரு குழந்தையும் முதலில் பாடும் ராகம் அது. அதன் சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி அரை ஸ்வரம் மேலே நின்று, தீராத ஒரு நெருக்கத்தை உண்டாக்குகிறது. மேலைநாட்டு மெட்டல் இசையின் அச்சமூட்டும் ரிஃப்கள் பலவும் இந்த ஓர் அரை ஸ்வர இடைவெளியில்தான் உயிர் வாழ்கின்றன. மேற்கத்தியச் செவிக்கு அச்சமாகத் தோன்றும் அதே இடைவெளி, நம் வீட்டுத் திண்ணையில் விடியற்காலைப் பாடமாக ஒலிக்கிறது. பயங்கரம் ஸ்வரத்தில் இருக்கிறதா, கேட்பவனின் பழக்கத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணியபோது நகை, அழுகை, மருட்கை, பெருமிதம், உவகை இவற்றோடு இளிவரல், அச்சம், வெகுளி ஆகியவற்றையும் ஒரே பந்தியில் வைத்தார். அருவருப்புக்கும் அச்சத்துக்கும் கடைசி இலை போடவில்லை. ஜயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைத்து உண்பதை விஸ்தாரமாகப் பாடினார். சந்தத்தின் துள்ளலில் அருவருப்பே ஆனந்தமாக மாறும் ரஸவாதத்தை அங்கே காணலாம். பின்வந்த காலத்தில் இனிமை ஒன்றே இசை, மங்கலம் ஒன்றே கலை என்ற எண்ணம் நம்மிடையே எவ்வாறு வேரூன்றிற்று என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. அவ்வெண்ணம் நம் மரபின் முழுமை அன்று என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

இத்தட்டு வெளிவந்த ஆண்டு என் வாழ்வில் எத்தகையது என்பதைச் சொல்லாமல் என் ரஸனையை நேர்மையாக விளக்க இயலாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் எழுந்து வந்தது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று கரையோரக் குப்பங்கள் எல்லாம் சில நிமிஷங்களில் சிதைந்தன. அதன்பின் பல மாதங்கள் எனக்கு இசை கேட்க முடியவில்லை. எந்தக் கீர்த்தனத்தைக் கேட்டாலும், அதன் இனிமை, கண்ட காட்சிகளுக்கு முன்னால் நிற்கத் திராணியின்றி நழுவிப்போனது. ஆறுதல் சொல்ல வரும் உறவினரிடம் முகம் கொடுக்க மனமில்லாததைப் போன்ற நிலை. குப்பத்துப் பெண்கள் கடலைப் பார்த்து மாரடித்துப் பாடிய ஒப்பாரி ஒன்றே அந்த நாட்களில் உண்மையாகக் கேட்டது. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்துக் கடலிலிருந்து ரஜூலா கப்பலேறி எங்கள் பகுதி மக்கள் போய்ச் சேர்ந்த சிங்கப்பூரிலிருந்து, என் ஒன்றுவிட்ட தம்பி மறு ஆண்டு இத்தட்டைக் கொண்டுவந்தபோது, உடைந்ததை உடைந்ததென்றே சொல்லும் ஓர் ஒலியை நெடுநாளைக்குப் பின் கேட்டேன். அது என்னைத் தேற்றவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அன்று அத்தை நிறுத்தச் சொன்னபின், அரசலாற்றுப் பாலம் கடந்து கடற்கரை வரை நடந்துபோய், காதில் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். மூத்த திருப்பதிகத்தின் காடு எத்தகைய இடம் என்பதும் அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று.

இவ்வளவு போற்றியபின் குறையையும் சொல்வது கடமை. ருத்ரா குழுவினர் வாதிக்கிறார்கள், அம்மையார் காட்டுகிறார். பிரம்மவித்யைத் தட்டுகளில் ஸம்ஸ்கிருதமும் ஆங்கிலமும் கலந்து வரும் பாடல்வரிகள் பல இடங்களில் சித்தாந்தத்தை நிலைநாட்டும் பிரசங்கத் தொனியைப் பெறுகின்றன. மாயை, அவித்தை, அத்வைதம் என்ற பெரிய சொற்கள் வந்து நிற்கும்போது, ஒரு நரியாவது, ஒரு கள்ளிச்செடியாவது கண்ணில் படாதா என்று மனம் ஏங்குகிறது. நாதம் சுடுகாட்டில் நிற்கிறது. சொல் பாடசாலையில் நிற்கிறது. தமிழ்க் குடும்பங்களில் பிறந்த குரல், தமிழின் வல்லின மெய்களை இந்த உறுமலில் ஏற்றிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் என் நெடுநாள் ஆதங்கம்; றகரத்துக்கும் டகரத்துக்கும் அந்தத் தொண்டை பிறந்த வீடுபோல் இருந்திருக்கும். 2022இல் வந்த 'எட்டு மஹாவித்யைகள்' என்னும் தட்டில், மயானத்தோடும் வைதவ்யத்தோடும் அறுந்த தலையோடும் சம்பந்தப்பட்ட தேவியரை அவர்கள் பாடுபொருளாக எடுத்துக்கொண்டது, கொள்கையிலிருந்து உருவத்தை நோக்கி நகர்ந்த நகர்வாகவே எனக்குப் படுகிறது. அம்மையாரின் காட்டுக்கு அது ஒரு காத தூரம் கிட்டியது.

இதைவிட ஆழமான வேற்றுமை ஒன்றுண்டு. பிரம்மவித்யை, பாடுபவனே அதுவாகிவிடும் நிலையை நோக்கி விரைகிறது; அதன் வேகம் முழுவதும் பேதம் அழியும் அந்த முனைக்காகத்தான். அம்மையார் அதை வேண்டவில்லை. சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், கைலைக்குத் தலையால் நடந்து சென்று, பிறவாமையையும், பிறந்தால் மறவாமையையும் கேட்டபின், இறைவன் ஆடும்போது அவன் அடியின் கீழ் மகிழ்ந்து பாடிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தையே அவர் வரமாகக் கேட்கிறார். ஆடுபவன் ஆகவேண்டும் என்ற ஆசை இல்லை. ஆட்டம் நடக்கும் இடத்தில், அதன் கீழே, செவியும் கையுமாக இருந்தால் போதும். ரஸிகத்தன்மைக்கு இதைவிட உயர்ந்த லக்ஷணத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனிப் பௌர்ணமியன்று மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் பவனி எங்கள் வாசலைக் கடக்கையில், மாடிகளிலிருந்து மாம்பழங்கள் மழையாய் வீழ, தவில் உச்சத்தை எட்டும்போது, அத்தையின் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பெண்மணியின் உருவத்தை நினைத்துக்கொள்கிறேன்: கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் சிற்பமாகவும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சோழர்காலத்து உலோகத் திருமேனியாகவும், வற்றிய மார்பும் புடைத்த எலும்புமாக அமர்ந்து, கையில் தாளத்தை ஏந்தியபடி, தலைக்கு மேல் நிகழும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் உருவம்.